சிறைக் கதவுக்கு இரண்டு சாவிகள்



பதுவைப் பதியராகிய அர்ச். அந்தோனியாரை அறியாத கத்தோலிக்க வீடு நம்மிடையே இல்லை. செவ்வாய்க்கிழமைதோறும் அவருக்கு நவநாள்; பொருள் காணாமற்போனால் அவரிடமே மன்றாட்டு. ஆனால் அவர் மரிக்குமுன் பதுவை நகர ஏழைகளுக்குச் செய்த கடைசி உபகாரங்களில் ஒன்றைப் பலர் அறியார். 1231-ம் ஆண்டு மார்ச்சு மாதம் அந்நகர சபையார் ஒரு சட்டம் இயற்றினர். கடன்பட்டவன் தன் உடைமைகளை ஒப்புவித்துவிட்டால் அவனைச் சிறையில் வைக்கலாகாது என்பதே அச்சட்டம். சகோதரர் அந்தோனியாரின் வேண்டுகோளின்படி இது செய்யப்பட்டது என்றும் அதில் எழுதி வைத்தார்கள். அவ்வாண்டு ஜூன் 13-ந் தேதி அவர் இறைவனடி சேர்ந்தார்.

எழுபது ஆண்டுகள் கழிந்தன. அதே பதுவை நகரில், அந்தோனியார் தரித்த அதே அங்கியைத் தரித்த துறவிகள் சிலர், விசுவாசத்தைக் காக்கும் அதிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு குடிமக்களிடம் பணம் பறிக்கிறார்கள் என்ற முறையீடு பாப்பரசரின் சந்நிதிக்குப் போயிற்று. இவ்வாரப் பாடம் அந்த முறையீட்டையும் அதற்குத் திருச்சபை கண்ட பரிகாரத்தையும் பற்றியது.

"பழைய புண்ணை ஏன் கிளற வேண்டும்?" என்று உங்களில் சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வியே. ஆனால் நாம் சொல்லாவிட்டால் பிறர் சொல்லுவார்கள். அதுவும் கூட்டிச் சொல்லுவார்கள். கல்லூரியில் படிக்கும் உங்கள் மகன் ஒரு நாள் வீட்டுக்கு வந்து, "அப்பா, வேத விசாரணை என்ற பெயரால் குருக்கள் கொள்ளையடித்தார்களாமே!" என்று கேட்பான். "அது பொய்" என்று சொன்னால் நீங்கள் தவறுவீர்கள். "எல்லாரும் அப்படித்தான்" என்று சொன்னாலும் தவறுவீர்கள். உள்ளதை உள்ளபடி அறிந்தவனே அந்தப் பிள்ளைக்கு விடை சொல்ல முடியும்.

அதிகாரம் எப்படி உண்டாயிற்று?

13-ம் நூற்றாண்டில் வட இத்தாலியாவின் நகரங்களில் கத்தாரர் முதலிய பதிதர் பலர் இருந்தனர். அவர்களைக் கண்டறிந்து விசாரிக்கும் பொறுப்பு தொடக்கத்தில் அந்தந்த மேற்றிராணியாருடையதாக இருந்தது. 1231 முதல் 9-ம் கிரகோரியார் பாப்பரசர் இதற்கெனத் தனி விசாரணையாளர்களை ஏற்படுத்தத் தொடங்கினார். அர்ச். சாமிநாதர் சபைத் துறவிகளும், பின்னர் அர்ச். பிரான்சிஸ்கு சபைத் துறவிகளும் இவ்வேலைக்கு நியமிக்கப்பட்டனர். 1254-ல் இத்தாலியா இவ்விரு சபைகளுக்குமிடையே பங்கிடப்பட்டபோது, பதுவையும் விச்சென்சாவும் பிரான்சிஸ்கு சபையார் வசமாயின.

இவர்களுள் உத்தமர்கள் இருந்ததை மறுக்கலாகாது. ஆயினும் அக்காலத்தார் கொண்டிருந்த ஒரு கருத்தை நாம் ஒளிவுமறைவின்றிச் சொல்லவேண்டும். மனிதனின் விசுவாசத்தைத் தண்டனையால் திருத்தலாம் என்று அவர்கள் நம்பினார்கள். 1278-ல் வெரோனா நகரின் பழைய உரோமை அரங்கத்தில் ஏறக்குறைய 200 கத்தாரர் எரிக்கப்பட்டனர். அதை நினைத்தால் நம் நெஞ்சு நடுங்குகிறது, நடுங்கவும் வேண்டும்.

பணம் எங்கே நுழைந்தது?

1252-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் வெரோனா நகர் அர்ச். இராயப்பர் என்னும் சாமிநாதர் சபை விசாரணையாளரைச் சதிகாரர் வழிமறித்துக் கொன்றனர். அடுத்த மாதமே 4-ம் இன்னொசென்சியார் பாப்பரசர் ஒரு கடுமையான நிருபம் வெளியிட்டார. நகர அதிகாரிகள் சித்திரவதை செய்து உண்மையை வரவழைக்கலாம் என்று அனுமதித்தது அந்த நிருபமே. தண்டிக்கப்பட்ட பதிதரின் சொத்துக்களை மூன்று பங்காக்க வேண்டுமென்றும் அது விதித்தது. ஒரு பங்கு நகரசபைக்கு. ஒரு பங்கு அவ்வேலையில் உழைத்த அலுவலர்களுக்கு. ஒரு பங்கு மேற்றிராணியாரும் விசாரணையாளரும் விசுவாசக் காரியங்களுக்குச் செலவிடும்பொருட்டுச் சேமிப்புக்கு.

வாசகர்களே, இங்கே சற்று நின்று யோசியுங்கள். தீர்ப்புச் சொல்பவனுக்கும், பிடித்து வருபவனுக்கும், காவல் காப்பவனுக்கும், குற்றவாளியின் சொத்தில் பங்கு உண்டு! குற்றவாளி என்று தீர்ந்தால் வருமானம். குற்றமற்றவன் என்று தீர்ந்தால் வெறுங்கை. நல்லவனையும் சோதனைக்குள்ளாக்கும் ஏற்பாடு இது.

இன்னும் கேளுங்கள். இறந்தவர்மேலும் வழக்கு நடத்தலாம். பாட்டனார் பதிதராய் மரித்தார் என்று தீர்ப்பானால் பேரன் குடியிருக்கும் வீடும் பறிபோகும். சாட்சி சொன்னவர் யாரென்று குற்றஞ்சாட்டப்பட்டவருக்குத் தெரிவிக்காமலும் விடலாம். இப்படிப்பட்ட நிலையில், "இவ்வளவு கொடுத்துவிடு, வழக்கை முடித்துக்கொள்வோம்" என்று ஒருவர் ஜாடை காட்டினால், பிள்ளைகுட்டிக்காரன் என்ன செய்வான்? அஞ்சிக் கொடுத்துவிடுவான். கொடுத்ததை வெளியே சொல்லவும் அஞ்சுவான்.

பணத்தைக் கையால் தொடவும் கூடாதென்று தம் துறவிகளுக்கு ஒழுங்கு எழுதி வைத்தவர் அசிசியார். அவருடைய பிள்ளைகளின் கையில் வீடு, வயல், கிரயப்பத்திரம் இவற்றின் கணக்கு வந்து சேர்ந்ததைக் காணும்போது, குற்றம் தனி மனிதரின் பேராசையில் மட்டுமல்ல, அவர்களை அமர்த்திய ஏற்பாட்டிலும் இருந்தது என்று விளங்குகிறது.

பதுவையின் முறையீடு

பதுவை நகரத்தார் கலகம் செய்யவில்லை; விசுவாசத்தை விட்டு விலகவுமில்லை. பாப்பரசரிடம் முறையிட்டார்கள். வெறும் வாய்ப்பேச்சாக அன்று, எழுத்து ஆதாரத்தோடு. பறிமுதலான சொத்துக்களை விற்ற பத்திரங்களின் நகல்கள் 1263 முதல் 1302 வரைக்கும் திரட்டப்பட்டன. யாருடைய நிலம், யாருக்கு விற்கப்பட்டது, என்ன விலை என்பதெல்லாம் அவற்றில் உண்டு. அந்தத் தொகுப்பு அழியாமல் நம் காலம்வரை வந்து, 2002-ல் நூலாக அச்சேறியுமிருக்கிறது.

அப்போது ஆண்ட பாப்பரசர் 8-ம் போனிபாஸ். அவர் விட்டுக்கொடுக்காத சுபாவமுள்ளவர் என்று பெயரெடுத்தவர். முறையிட்டவர்களைப் பதிதருக்கு உடந்தையானவர்கள் என்று சொல்லி அவர் துரத்தியிருக்கலாம், துரத்தவில்லை. காரியத்தை விசாரிக்கச் செய்தார். 1302-ல் பதுவை, விச்சென்சா இரண்டு நகரங்களிலும் அவ்வதிகாரத்தைப் பிரான்சிஸ்கு சபையாரிடமிருந்து எடுத்துச் சாமிநாதர் சபையாரிடம் ஒப்புவித்தார். அவருக்குப் பின் வந்த 5-ம் கிளமெந்து பாப்பரசரும் 1308-ல் தம் தூதர் ஒருவரைக் கொண்டு அப்பகுதி விசாரணையாளர்களின் கணக்குகளைச் சோதிக்கச் செய்தார்.

ஆனால் ஆளை மாற்றினால் மட்டும் வேர் அறுபடுமா? பல இடங்களிலிருந்தும் முறையீடுகள் வந்துகொண்டேயிருந்தன. ஆகவே காரியம் பொதுச்சங்கத்துக்கே போயிற்று.

வியேன் பொதுச்சங்கத்தின் தீர்மானம்

1311, 1312-ம் ஆண்டுகளில் பிரான்சு தேசத்து வியேன் நகரில் பொதுச்சங்கம் கூடிற்று. அதில் விசாரணையாளரைப் பற்றி இரண்டு சட்டங்கள் எழுந்தன. 1317-ல் 22-ம் அருளப்பர் பாப்பரசர் அவற்றைத் திருச்சபைச் சட்டத் தொகுப்பில் பிரசித்தம் செய்தார். சில விசாரணையாளர் தங்கள் வரம்பை மீறினார்கள் என்றும், விசுவாசத்தின் நன்மைக்காக ஏற்பட்ட அதிகாரம் பக்தியின் போர்வையில் மாசற்றவர்களைத் துன்புறுத்தும் கருவியாயிற்று என்றும் அச்சட்டம் தன் முகவுரையிலேயே ஒப்புக்கொள்கிறது. எதிரிகள் எழுதிய குற்றப்பத்திரிகை அன்று இது. திருச்சபை தானே தன் ஊழியரைப் பற்றி எழுதியது.

அதன் விதிகளில் முக்கியமானவற்றைக் காண்போம்.

முதலாவது: மேற்றிராணியாரும் விசாரணையாளரும் தனித்தனியே ஒருவனை அழைக்கலாம், பிடிக்கலாம். ஆனால் கடுஞ்சிறையில் போடுவதற்கும், சித்திரவதைக்கு உட்படுத்துவதற்கும், தீர்ப்புச் சொல்வதற்கும் இருவரும் சேர்ந்தே செயல்படவேண்டும்.

இரண்டாவது: ஒவ்வொரு சிறைக்கும் இரண்டு காவலர். ஒருவர் மேற்றிராணியாரால் அமர்த்தப்பட்டவர்; மற்றவர் விசாரணையாளரால் அமர்த்தப்பட்டவர். ஒவ்வொருவரிடமும் வெவ்வேறு சாவி இருக்கும். ஒருவர் மட்டும் தனியாகக் கதவைத் திறக்க முடியாது. ஒரு காவலர் கேளாமல் மற்றவர் கைதியிடம் இரகசியமாய்ப் பேசக்கூடாது. கைதிக்கு உற்றார் உறவினர் கொண்டுவரும் உணவும் பொருளும் குறைவின்றி அவன் கையில் சேரவேண்டும். இவற்றைக் காப்பதாகக் காவலர் சத்தியம் செய்யவேண்டும்.

மூன்றாவது: நாற்பது வயது நிரம்பாத எவரையும் விசாரணையாளராக நியமிக்கலாகாது.

நான்காவது: ஆயுதம் தரிக்கப் பெற்ற அனுமதியைத் தவறாகப் பயன்படுத்தக்கூடாது, தேவைக்கு மிஞ்சிய சேவகர்களை வைத்துக்கொள்ளவும் கூடாது.

ஐந்தாவது, எல்லாவற்றிலும் கனமானது: விசாரணை என்ற சாக்கில் அநியாயமாய்ப் பணம் பறித்தவர் அக்கணமே சபை விலக்குக்கு ஆளாவார். பறிகொடுத்தவனுக்கு முழுத்தொகையும் திரும்பக் கொடுக்கும்வரை, மரண வேளை நீங்கலாக, அவருக்கு அந்த விலக்கினின்று விடுதலை இல்லை.

இந்தக் கடைசி விதியைக் கவனியுங்கள். ஏழாம் கற்பனையைப் பற்றி ஞானோபதேச வகுப்பில் நாம் சிறுவர்க்குக் கற்பிப்பது இதுதானே? திருடியவன் பாவசங்கீர்த்தனம் செய்தால் மட்டும் போதாது. திருடியதை உரியவனிடம் சேர்க்கவேண்டும். சக்கேயு என்னும் ஆயக்காரன் நாலத்தனையாய்த் திருப்பித் தருவேன் என்று ஆண்டவர் முன் நின்று சொன்னான் அன்றோ! ஏழைச் சக்கிலியனுக்கும் கூலிக்காரனுக்கும் சொல்லும் அதே சட்டத்தை, பாப்பரசரின் அதிகாரம் பெற்ற குருவானவருக்கும் பொதுச்சங்கம் சொல்லிற்று.

சட்டம் போதுமா? புளோரன்சின் கதை

சட்டம் எழுதியதும் எல்லாம் நேராகிவிட்டது என்று சொல்ல ஆசைதான். ஆனால் அது உண்மையாகாது. இந்தச் சட்டங்கள் தங்கள் வேலைக்கு இடைஞ்சல் என்று விசாரணையாளரிற் சிலர் குறைகூறினர். துலூஸ் நகரில் விசாரணையாளராயிருந்த பெர்நார்து கீ என்பவர் அதைத் தம் நூலிலேயே எழுதி வைத்தார். இத்தாலியாவில் புளோரன்சு நகரம் மறுபடியும் அதே நோயைக் கண்டது. அங்கே விசாரணையாளராயிருந்த மீனோ தா சான் குயிரிக்கோ என்ற பிரான்சிஸ்கு சபைத் துறவியின் நடத்தையையும் கணக்கையும் 1334-ல் பாப்பரசரின் தூதர் விசாரிக்க நேர்ந்தது.

பத்தாண்டுகளுக்குப் பின் அந்தப் பதவியில் இருந்தவர் பியேரோ தெல்லாக்குவிலா. கல்விமான், வேதசாஸ்திர நூல் எழுதியவர். இவர் கர்தினால் ஒருவருக்காகக் கடன் வசூலிக்கும் பொறுப்பையும் ஏற்றுக்கொண்டார். அச்சியயுவோலி என்ற வணிகக் குடும்பத்தாரின் நிறுவனம் முறிந்துபோய், அக்கர்தினாலுக்கு 12,000 பொற்காசு பாக்கி வைத்திருந்தது. 1346-ல் அதன் கூட்டாளி சல்வெஸ்த்ரோ பரொன்செல்லி என்பவர் நகர அரண்மனையை விட்டு வெளியே வரும்போது விசாரணையாளரின் ஆட்கள் அவரைப் பிடித்துக்கொண்டனர். பதிதம் ஒன்றுமில்லை, கடன்தான். கடன்பட்டவனைச் சிறையிலிடாதபடி அந்தோனியார் பரிந்து பேசியது எங்கே, அவர் சபைச் சகோதரர் கடனுக்காக ஒருவனைப் பிடிக்கச் செய்தது எங்கே!

நகரத் தலைவர்கள் அவரை விடுவித்தனர். பிடித்த ஏவலாட்களின் கைகளை வெட்டி ஊரைவிட்டுத் துரத்தினர், அதுவும் கொடுமையே. விசாரணையாளர் சியென்னா நகருக்கு ஓடி, அங்கிருந்து தலைவர்களைச் சபைக்குப் புறம்பாக்கினார். ஊர் முழுவதற்கும் வழிபாட்டுத் தடை விதிப்பதாகவும் அறிவித்தார். ஒரு கடன் பாக்கிக்காக ஆயிரமாயிரம் ஆத்துமாக்களுக்குத் திருப்பலியும் தேவதிரவிய அனுமானங்களும் நிற்க வேண்டுமா?

புளோரன்சார் அவிஞ்ஞோனில் வாழ்ந்த 6-ம் கிளமெந்து பாப்பரசரிடம் தூதரை அனுப்பினர். அந்த விசாரணையாளர் இரண்டே ஆண்டுகளில் 7,000 பொற்காசுக்கு மேல் குடிமக்களிடம் வாங்கினார் என்றும், 250-க்கு மேற்பட்டவர்களுக்கு ஆயுத அனுமதிச் சீட்டு விற்றார் என்றும் அந்நகரத்து வரலாற்றாசிரியர் ஜொவான்னி வில்லானி எழுதுகிறார். வில்லானியும் ஒரு வணிகர். தம் ஊரார் பக்கம் சாய்ந்து எழுதியிருக்கவுங்கூடும். எனினும் பாப்பரசர் அந்தத் தடையை நிறுத்தி வைத்தார். நகரத்தாரும் விசாரணையாளர் பதிதமல்லாத காரியங்களில் தலையிடலாகாது, அவருக்குத் தனிச் சிறை கூடாது, அவருடைய ஆயுதக்காரர் ஆறு பேருக்கு மிஞ்சலாகாது என்று சட்டம் செய்தனர்.

அந்த விசாரணையாளருக்கு என்ன நேர்ந்தது? 1347-ல் தென் இத்தாலியாவில் மேற்றிராணியாராக நியமனம் பெற்றார். ஆம், வாசகர்களே, அதையும் மறைக்காமல் சொல்கிறோம். நீதி அரைவழியில் நின்றது. மேற்பார்வை இருந்தது, ஆனால் பிந்தி வந்தது, குறைந்து வந்தது. அதற்குள் சனங்களின் மனதில் கசப்பு ஊறிவிட்டது. சில ஆண்டுகளுக்குப் பின் பொக்காச்சியோ என்ற புளோரன்சுக் கதாசிரியர் தம் தெக்கமெரோன் நூலில், காசுக்காகப் பதிதம் தேடும் விசாரணையாளர் ஒருவரை வைத்துக் கதை எழுதினார், படித்தவர் சிரித்தனர். குற்றம் செய்தவர் சிலர். நகைப்புக்கு ஆளானது தாய்த் திருச்சபை.

நாம் கற்கவேண்டியது

ஒன்று: நல்ல நோக்கம் காவலுக்கு ஈடாகாது. "நான் விசுவாசத்துக்காகச் செய்கிறேன்" என்ற எண்ணமே மனிதனைக் கண்மூடச் செய்யும். எவ்வளவு பரிசுத்தமான அலுவலாயினும் அதற்கு இரண்டு சாவி வேண்டும். ஒருவர் கையில் மட்டும் இருக்கலாகாது. கோவில் உண்டியலை இரண்டு பேர் முன்னிலையில் எண்ணச் சொன்னால், அது யாரையும் சந்தேகிப்பதன்று. எண்ணுகிறவரின் நற்பெயருக்கும் அதுவே காவல்.

இரண்டு: உண்மையான முறையீடு துரோகமன்று. பதுவை நகரத்தார் சும்மா இருந்திருந்தால் பாப்பரசர் அறிந்திருக்கமாட்டார். முணுமுணுப்பதும் புறங்கூறுவதும் பாவம். ஆதாரத்தோடு, உரியவரிடம், மரியாதையோடு சொல்வது கடமை. அதைக் கேட்பதும் அதிகாரிகளின் கடமை.

மூன்று: மன்னிப்புக்கு முன் ஈடுசெய்தல். பிறர் பொருளை வைத்துக்கொண்டு செய்யும் செபம் மேலே ஏறாது.

நான்கு: மேற்பார்வையாலும் நேராகாதது ஒன்று உண்டு. வியேன் சங்கம் சித்திரவதைக்கு வரம்பு கட்டிற்று, அதை நீக்கவில்லை. பணம் வாங்காத விசாரணையாளரும் மனச்சாட்சியை வலுவந்தம் செய்தவரே. அதைத் திருச்சபை உணர்ந்து சொல்ல நெடுங்காலம் சென்றது. விசுவாசத்துக்கடுத்த காரியத்தில் எவரையும் பலவந்தம் செய்யலாகாதென்று 1965-ல் 2-ம் வத்திக்கான் சங்கம் போதித்தது. 2000-ம் ஆண்டு மார்ச்சு 12-ந் தேதி, தபசுகாலத்து முதல் ஞாயிறன்று, 2-ம் அருள் சின்னப்பர் பாப்பரசர், சத்தியத்தின் பெயரால் திருச்சபையின் மக்கள் செய்த வன்செயல்களுக்காகச் சர்வேசுரனிடம் பகிரங்கமாய் மன்னிப்புக் கேட்டார்.

ஆகையால் உங்கள் மகன் அந்தக் கேள்வியைக் கேட்கும்போது கோபம் கொள்ளாதீர்கள். அவனைப் பக்கத்தில் உட்காரவைத்துச் சொல்லுங்கள்: "ஆம், அப்படிச் செய்தவர்கள் இருந்தார்கள். அவர்களைப் பற்றி முறையிட்டவர்களும் நம்மவர்களே. அந்த முறையீட்டைக் கேட்டுச் சட்டம் செய்ததும் நம் திருச்சபையே. அந்தச் சட்டம் முழுதும் நிறைவேறாமற்போனதும் நம் குறைவே." இப்படிச் சொல்லும் தகப்பனிடம் பிள்ளை இன்னொரு கேள்வியையும் அஞ்சாமல் கொண்டுவருவான்.

இந்த வாரம் உங்கள் கையில் உள்ள அதிகாரத்தைச் சோதித்துப் பாருங்கள். அது ஒரு வீட்டின் நிருவாகமாயிருக்கலாம், ஒரு சங்கத்தின் கணக்காயிருக்கலாம், பத்துக் கூலியாட்களின் மேற்பார்வையாயிருக்கலாம். அதற்கு இரண்டாவது சாவி யாரிடம் இருக்கிறது? யாரிடமும் இல்லையென்றால், நம்பத்தக்க ஒருவரிடம் இன்றே கொடுத்து வையுங்கள்.

பாட வினாக்கள்

1. 1252-ம் ஆண்டு நிருபத்தின்படி பறிமுதலான சொத்து எவ்வாறு பங்கிடப்பட்டது? அதனால் விளைந்த சோதனை யாது?

2. பதுவை நகரத்தாரின் முறையீட்டிற்கு 8-ம் போனிபாஸ் பாப்பரசர் செய்த பரிகாரம் என்ன?

3. சிறைக் காவலரைப் பற்றி வியேன் பொதுச்சங்கம் விதித்தவை எவை?

4. பறித்த பணத்தைத் திரும்பக் கொடாதவருக்கு அச்சங்கம் விதித்த தண்டனையை ஏழாம் கற்பனையோடு ஒப்பிட்டுக் கூறுக.